ஒற்றும் நூலும்

முன்னுரை

ஒற்றாடல் என்னும் அதிகாரத்தைத் தொடங்கும் திருவள்ளுவர், ஒற்றர்களையும் புகழமைந்த நூலையும் ஒருங்கே நிறுத்தி, இவ்விரண்டையும் அரசன் தன் கண்களாகக் கொள்ள வேண்டும் என்கிறார் (குறள் 581). ஈண்டு நூல் என்பதற்குப் பரிமேலழகர் நீதிநூல் எனப் பொருள் கொள்வார். நாட்டில் நடப்பதை ஒற்று காட்டும். நடக்க வேண்டியதை நூல் காட்டும். ஒரு கண்ணை மூடிக்கொண்டு மறு கண்ணால் மட்டும் பார்க்கும் அரசு வழிதவறும் என்பது இதனால் பெறப்படும்.

உளவு பற்றிய கதைகளை விரும்பிப் படிக்கும் மாணவர் பலர் உளர். அவர்களுள் சிலர், "ஐயா, நடந்த வரலாற்றையே கூறும் நூல்கள் எவை?" என்று வகுப்பு முடிந்தபின் வினவுவதுண்டு. அவ்வினாவிற்கு விடையாகச் சில நூல்களைப் பரிந்துரைப்பதும், அவற்றைப் படிக்கும் முறையைக் கூறுவதும் இக்கட்டுரையின் நோக்கமாகும். முறையறியாது படிப்பின், உண்மை நூலும் கதைநூல் போலவே மயக்கும்.

வள்ளுவர் தரும் அளவுகோல்

ஓர் ஒற்றன் கொண்டுவந்த செய்தியை மற்றோர் ஒற்றனைக் கொண்டு சரிபார்த்த பின்னரே ஏற்க வேண்டும் என்பது 588ஆம் குறளின் கருத்து. ஒருவரையொருவர் அறியாத மூவரின் சொற்கள் ஒத்துவரும்போதுதான் அது தெளிந்த செய்தியாகும் என்று 589ஆம் குறள் மேலும் இறுக்குகிறது. ஒற்றனுக்குச் செய்யும் சிறப்பைப் பிறர் அறியச் செய்யலாகாது. செய்யின் மறைபொருள் வெளிப்பட்டுவிடும் என்பது அதிகாரத்தின் இறுதிக் குறள்.

இவை ஆட்சியாளர்க்குக் கூறப்பட்டவை. ஆயினும் வாசகனுக்கும் இவையே அளவுகோல் ஆகும். உளவுத்துறையைப் பற்றி எழுதுபவர் பெரும்பாலும் அத்துறையில் பணியாற்றியவர், அல்லது அதனால் துன்புற்றவர். ஆதலின் அவர் நூல் ஓர் ஒற்றன் கொண்டுவந்த செய்தி; அதனை மற்றொரு நூலால் ஒப்பிட்டே கொள்ள வேண்டும்.

திருக்குர்ஆனின் 49ஆம் அத்தியாயமாகிய அல்ஹுஜுராத் இதே நெறியைச் சமுதாய வாழ்வுக்கு விதிக்கிறது. நம்பகமற்ற ஒருவர் செய்தி கொண்டுவந்தால் அதனை நன்கு விசாரித்தறிய வேண்டும். இல்லையேல் அறியாமையால் ஒரு கூட்டத்தார்க்குத் தீங்கிழைத்துவிட்டுப் பின்னர் வருந்த நேரிடும் என 6ஆம் வசனம் எச்சரிக்கிறது. வீண் சந்தேகத்தையும், பிறர் மறைவைத் துருவி ஆராய்வதையும் 12ஆம் வசனம் விலக்குகிறது. ஆள்வோர்க்கு வள்ளுவர் சொன்னதும் அடியார்க்கு மறை சொன்னதும் ஈண்டு ஒன்றாகி நிற்றல் நோக்கத்தக்கது.

உறையூரில் ஒரு புலவன்

ஒப்பிட்டறியாத குற்றச்சாட்டு எங்கே கொண்டு விடும் என்பதற்குச் சங்க இலக்கியமே சான்று தருகிறது. சோழன் நலங்கிள்ளியிடமிருந்து உறையூருக்கு வந்தவன் இளந்தத்தன் என்னும் புலவன். பகைவனிடமிருந்து வந்தான் என்பது ஒன்றே அங்கிருந்த நெடுங்கிள்ளியின் ஐயத்துக்குப் போதுமானதாயிற்று. ஒற்றன் எனக் கருதி அவனைக் கொல்ல முற்பட்டபோது கோவூர்கிழார் இடைபுகுந்து பாடி, அவன் உயிரைக் காத்தார். அப்பாடலே புறநானூற்றின் 47ஆம் பாடல். புலவர்களின் வாழ்க்கை பிறர்க்குத் தீங்கு எண்ணாதது என்பதை எடுத்துரைத்தே அவர் மன்னனைத் தெளிவித்தார்.

ஒற்றன் என்னும் சொல் ஒருவன்மேல் விழுந்துவிட்டால் அதனைத் துடைக்க ஒரு கோவூர்கிழார் வேண்டும். எல்லார்க்கும் கோவூர்கிழார் வாய்ப்பதில்லை. வாய்த்தாலும் உரிய காலத்தில் வாய்ப்பதில்லை.

நாகர்கோவிலில் பிறந்தவர்மேல் விழுந்த பழி

இருபதாம் நூற்றாண்டில் இதற்கொரு சான்று நம் மாவட்டத்தோடு தொடர்புடையது. விண்வெளி அறிவியலாளர் நம்பி நாராயணன் 1941இல் நாகர்கோவிலில் பிறந்தவர். பிரெஞ்சு நாட்டின் தொழில்நுட்பத்தைக் கற்று, விகாஸ் என்னும் திரவ எரிபொருள் எந்திரம் உருவாக உழைத்தோருள் முதன்மையானவர். பி.எஸ்.எல்.வி. ஏவுகலத்தின் இரண்டாம் நிலையை இயக்குவது அவ்வெந்திரமே. நம் மாவட்ட எல்லையை அடுத்துள்ள மகேந்திரகிரியின் ஆய்வு மையம் இத்தகைய எந்திரங்களைச் சோதிக்கும் இடம் என்பதை நம் மாணவர் அறிவர்.

1994ஆம் ஆண்டு அக்டோபரில் மாலத்தீவைச் சேர்ந்த மரியம் ரஷீதா என்னும் பெண் திருவனந்தபுரத்தில் கைதானார். அனுமதிக்கப்பட்ட காலம் கடந்தும் தங்கியிருந்தார் என்பதே அவர்மேல் முதலில் கூறப்பட்ட குற்றம். சில வாரங்களில் அது உளவு வழக்காக வளர்ந்தது. அவருடைய நாட்டினரான ஃபௌசியா ஹசன், அறிவியலாளர் சசிகுமாரன், தொழிலதிபர் சந்திரசேகர் முதலியோர் கைதாயினர். நவம்பர் 30ஆம் நாள் நம்பி நாராயணன் கைது செய்யப்பட்டு ஐம்பது நாள் காவலில் இருந்தார். கிரையோஜெனிக் எந்திரத்தின் இரகசியங்களை அயல்நாட்டுக்கு விற்றார் என்பது குற்றச்சாட்டு.

ஈண்டு ஒரு வினா எழுகிறது. அந்நாளில் விற்பதற்கு அத்தொழில்நுட்பம் இந்தியாவின் கையில் இருந்ததா? 1991இல் சோவியத் நிறுவனத்துடன் செய்த ஒப்பந்தப்படி அது வரவேண்டியிருந்தது. அமெரிக்காவின் எதிர்ப்பால் 1993இல் தொழில்நுட்பத்தைத் தர ருசியா மறுத்து, எந்திரங்களை மட்டும் தர இசைந்தது. நாமே உருவாக்கிய கிரையோஜெனிக் எந்திரம் வெற்றியுடன் பறந்தது 2014ஆம் ஆண்டு சனவரி 5ஆம் நாள்தான். இவ்வெளிய காலவரிசையை எவரும் சரிபார்த்திருக்கலாம். ஆனால் நாளிதழ்கள் நாள்தோறும் புதுக்கதை படைத்தன. அப்போது பள்ளி மாணவனாயிருந்த இக்கட்டுரையாளனும், தேநீர்க்கடையில் பெரியவர்கள் உரக்கப் படித்த அச்செய்திகளை ஐயமின்றி நம்பியவனே. நம் ஊர்க்காரரே இப்படிச் செய்தாரே என்று வருந்தியவர்களும், செய்திருப்பாரா என்று கேட்கவில்லை.

1996இல் மத்தியப் புலனாய்வுத் துறை, குற்றச்சாட்டு பொய்யானது என அறிக்கை அளித்தது. கேரள அரசு மீண்டும் விசாரிக்க முற்பட்டதை 1998இல் உச்சநீதிமன்றம் தடுத்தது. 2018ஆம் ஆண்டு செப்டம்பர் 14ஆம் நாள், அவர் கைது செய்யப்பட்டது தேவையற்றது எனக் கூறி, ஐம்பது இலட்சம் ரூபாய் இழப்பீடு வழங்குமாறு அந்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2019இல் அவருக்குப் பத்மபூஷண் விருது கிடைத்தது. உடன் குற்றஞ்சாட்டப்பட்ட சந்திரசேகர், 2018ஆம் ஆண்டுத் தீர்ப்பு வந்த இரண்டாம் நாள் காலமானார். மாலத்தீவுப் பெண்கள் இருவரும் ஆண்டுக்கணக்கில் சிறையில் கழித்ததை நம்மில் எத்தனை பேர் நினைவில் வைத்துள்ளோம்? பொய்யான செய்தியை நாம் முழுமையாக நினைவில் வைத்திருக்கிறோம். அது பொய்யென்று ஆன செய்தியைப் பாதியே வைத்திருக்கிறோம்.

இவ்வழக்கினை அறிய, நம்பி நாராயணன் மலையாளத்தில் எழுதி 2017இல் வெளியான 'ஓர்மகளுடெ ப்ரமணபதம்' என்னும் தன்வரலாற்றையும், அருண் ராமுடன் இணைந்து ஆங்கிலத்தில் எழுதிய 'ரெடி டு ஃபயர்' (2018) என்னும் நூலையும் படிக்கலாம். இங்கும் வள்ளுவரின் அளவுகோலைக் கைவிடலாகாது. காவலில் தாம் பட்ட துன்பத்தை ஆசிரியர் கூறும்போது அவர் நேர்ச்சான்று. அயல்நாட்டு உளவு நிறுவனமே இவ்வழக்கின் பின்னணியில் இருந்தது என்று கூறும்போது அஃது அவருடைய அனுமானம். 1998, 2018 ஆகிய ஆண்டுகளின் உச்சநீதிமன்றத் தீர்ப்புகளை உடன்வைத்துப் படித்தால் இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாடு புலனாகும். துன்புற்றவர்மேல் நாம் கொள்ளும் பரிவு, நம் ஆராய்ச்சியைத் துயிலச் செய்யலாகாது.

ஒருவர்க்கு ஒற்றன், மற்றவர்க்குத் தியாகி

ஒற்றன் அல்லாதவனை ஒற்றன் என்ற கதை இது. ஒற்றனாகவே வந்தவரை வரலாறு எவ்வாறு நோக்குகிறது என்பதற்கு வக்கம் அப்துல் காதர் சான்றாவார். கன்னியாகுமரிப் பகுதி திருவிதாங்கூரின் அங்கமாக இருந்த காலத்தில், அதே திருவிதாங்கூரின் வக்கம் என்னும் ஊரில் 1917இல் பிறந்தவர். 'சுதேசாபிமானி' இதழை நிறுவிய வக்கம் மௌலவியும் அவ்வூரினரே. பெயரொற்றுமையால் இருவரையும் ஒருவராகக் கொள்ளலாகாது.

மலேயா சென்று வாழ்ந்த காதர், இந்திய விடுதலை இயக்கத்தில் சேர்ந்து பினாங்கில் பயிற்சி பெற்றார். 1942ஆம் ஆண்டு செப்டம்பரில் சப்பானிய நீர்மூழ்கிக் கப்பலில் வந்து, தோழர்களுடன் மலபாரின் தானூர்க் கடற்கரையில் இறங்கினார். விரைவிலேயே பிடிபட்டு, பகைவரின் ஒற்றர்கள் என விசாரிக்கப்பட்டு, 1943ஆம் ஆண்டு செப்டம்பர் 10ஆம் நாள் சென்னைச் சிறையில் தூக்கிலிடப்பட்டார். அன்று அவருக்கு அகவை 26. உடன் உயிர்நீத்தோர் சத்தியேந்திர சந்திர பர்தன், ஃபௌஜா சிங், ஆனந்தன் ஆகியோர். சமயமும் மொழியும் வேறாயினும் அவர்கள் ஏறிய தூக்குமேடை ஒன்றே. ஆங்கில அரசின் ஆவணத்தில் ஒற்றராகப் பதிவான அவர்களுக்கு விடுதலை பெற்ற இந்தியா 1998இல் அஞ்சல்தலை வெளியிட்டது. ஆவணத்தில் உள்ள சொல் மட்டும் உண்மையன்று. அச்சொல்லை எழுதிய கை யாருடையது என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

இவரோடு ஒப்பிட்டுப் படிக்கத்தக்கவர் நூர் இனாயத் கான். திப்பு சுல்தானின் வழித்தோன்றலாகிய இவர், சூஃபி ஞானி இனாயத் கானின் மகள். காதர் ஆங்கிலேயரை எதிர்த்து வந்தார். நூரோ ஆங்கிலேயர் பக்கம் நின்று செர்மானிய நாஜிகளை எதிர்த்தார். 1943இல் பிரான்சுக்கு வானொலிக் கருவியுடன் சென்று, காட்டிக்கொடுக்கப்பட்டு, 1944ஆம் ஆண்டு செப்டம்பரில் தாக்கவ் முகாமில் கொல்லப்பட்டார். சிராபணி பாசு எழுதிய 'ஸ்பை பிரின்சஸ்' (2006) இவர் வரலாறு. அனுப்பிய செய்திகளின் படிகளைக் குறிப்பேட்டில் எழுதி வைத்த பிழையையும், அது பகைவர் கையில் சிக்கியதால் விளைந்த கேட்டையும் அந்நூல் மறைக்கவில்லை. போற்றும் நூலே குறையையும் கூறுவது அதன் நம்பகத்தன்மைக்கு ஓர் அடையாளம்.

இணைத்துப் படிக்கத்தக்க நூல்கள்

அண்மைக்கால அரசியல் வரலாற்றை அறிய விழைவோர் நூல்களை இணையிணையாகப் படித்தல் நலம். 1962ஆம் ஆண்டுச் சீனப்போரைப் பற்றி, அக்காலத்தில் உளவுப் பிரிவின் தலைவராயிருந்த பி.என். மல்லிக் 'தி சைனீஸ் பிட்ரேயல்' (1971) என்னும் நூலை எழுதினார். தம் துறைமேல் விழுந்த பழியை மறுப்பது அதன் நோக்கங்களுள் ஒன்று. அதற்கு முந்திய ஆண்டில் நெவில் மாக்ஸ்வெல் எழுதிய 'இந்தியாஸ் சைனா வார்' இந்தியாவின்மீதே பெரிதும் பழி சுமத்துகிறது. இவ்விரண்டில் ஒன்றை மட்டும் படித்தவர் ஒரு வழக்கறிஞரின் வாதத்தை மட்டும் கேட்டவராவார்.

1968ஆம் ஆண்டு செப்டம்பரில் ஆர்.என். காவ் தலைமையில் 'ரா' என்னும் அயல்நாட்டு உளவு அமைப்பு தோன்றியது. அதில் தொடக்கம் முதல் பணியாற்றிய பி. ராமன், ஓய்வுக்குப் பின் சென்னையில் வாழ்ந்து, 'தி காவ்பாய்ஸ் ஆஃப் ரா' (2007) என்னும் நினைவுநூலை எழுதினார். வெற்றிகளோடு தோல்விகளையும் பேசும் நூல் அது. எனினும் சொல்லக்கூடாதவற்றைச் சொல்லாமல் விடுதல் அத்துறையினரின் கடமை என்பதை வாசகர் மறக்கலாகாது. 590ஆம் குறள் கூறும் மறைபொருள் காத்தல் இதுவே.

இந்திய, பாகிஸ்தான் உளவு அமைப்புகளின் தலைவர்களாயிருந்த ஏ.எஸ். துலத், அசத் துர்ரானி ஆகிய இருவரும் ஆதித்ய சின்காவின் முன்னிலையில் உரையாடியதன் தொகுப்பு 'தி ஸ்பை கிரானிக்கிள்ஸ்' (2018). ஒரே நிகழ்வுக்கு இருபுறச் சான்றும் ஒரு நூலிலேயே கிடைத்தல் அரிது. அவர்கள் ஒத்துப்போகும் இடங்களைவிட, இருவரும் பேச்சை மாற்றும் இடங்களே கூர்ந்து படிக்கத்தக்கவை.

சோவியத் உளவு ஆவணக் காப்பகத்தில் பணியாற்றிய வசிலி மித்ரோகின் தம் கைக்குறிப்புகளுடன் 1992இல் பிரித்தானியாவை அடைந்தார். கிறிஸ்டோபர் ஆண்ட்ரூவுடன் இணைந்து அவர் எழுதிய நூலின் இரண்டாம் தொகுதி (2005) இந்திய அரசியலாரைப் பற்றியும் பேசுகிறது. அது மூல ஆவணமன்று. மூலத்தைப் பார்த்து ஒருவர் எழுதிய குறிப்பு. மேலும், தாம் பலரை வசப்படுத்தியதாகத் தலைமைக்கு எழுதுவது களப்பணியாளர்க்கு ஊதியமும் உயர்வும் தருவது. எனவே அதில் உள்ள பெயரைக் கண்டதும் தீர்ப்பெழுதுதல் பேதைமை.

நிறைவுரை

இந்நூல்களைப் படிக்கும் மாணவர் மூன்று வினாக்களைத் தம் குறிப்பேட்டின் முதற்பக்கத்தில் எழுதிக்கொள்க. இதனைக் கூறுபவர் தாம் கண்டு கூறுகிறாரா, கேட்டுக் கூறுகிறாரா, ஊகித்துக் கூறுகிறாரா? இவரை அறியாத வேறொருவரும் இதனைக் கூறியுள்ளாரா? இது பொய்யாயின் துன்புறுபவர் யார்?

மூன்றாம் வினாவே தலையாயது. முதலிரண்டும் அறிவைச் சார்ந்தவை. அது அறத்தைச் சார்ந்தது. 1994இல் அவ்வினாவைக் கேட்டிருக்க வேண்டியவர் அதிகாரிகள் மட்டுமல்லர். செய்தியைப் படித்தவரும், படிக்கக் கேட்டவரும் கேட்டிருக்க வேண்டும். இன்று தேநீர்க்கடையின் இடத்தைக் கைப்பேசி பிடித்துள்ளது. ஒருவரைத் துரோகி என்றும் ஒற்றர் என்றும் கூறும் செய்தி நொடிப்பொழுதில் நம் கைக்கு வந்து, மறுநொடியில் நம் கையாலேயே பிறர்க்குச் செல்கிறது. அதனை அனுப்புமுன் நிறுத்தி ஆராயும் ஒவ்வொரு மாணவரும், உறையூர் அரசவையில் கோவூர்கிழார் செய்த பணியையே செய்தவராவர். அப்பயிற்சியை அளிக்குமாயின் ஒற்றைப் பற்றிய நூலும் நீதிநூலே ஆகும்.