பாட்டியின் சிங்கர் மிஷின்

கேள்வி: பாட்டி மிதித்துத் தைத்த பழைய சிங்கர் மிஷின் இறுகிக்கிடக்கிறது. பழைய இரும்புக்குப் போட்டுவிடலாமா?
– வாசகி, உளுந்தூர்பேட்டை

பதில்: போடாதீர்கள், அம்மா. பெரும்பாலும் அது துரு அல்ல. காய்ந்து பிசினாகிப்போன எண்ணெய். தேங்காயெண்ணெய் விட்ட மிஷின்களில் இதைத் தவறாமல் பார்க்கலாம். எண்ணெய் விடும் துளைகளில் எல்லாம் சில சொட்டு மண்ணெண்ணெய் விட்டு, ஓரிரவு ஊறவிடுங்கள். காலையில் கைச்சக்கரத்தை மெல்ல முன்னும் பின்னும் அசையுங்கள். ஒருபோதும் வலுவாகத் திருகாதீர்கள். இளகியதும் அழுக்கைத் துடைத்துவிட்டு, தையல் மிஷின் எண்ணெய் மட்டும் விடுங்கள். பாபின் கேஸ், பல்சக்கரம், துணியை நகர்த்தும் பற்களின் அடியில் சேர்ந்த பஞ்சு இவற்றையும் பாருங்கள். தோல் பெல்ட் தளர்ந்திருந்தால் புதிது மாட்டுங்கள். கறுப்பு மேனியிலுள்ள பொன்னிறப் பூவேலையில் தின்னரோ உப்புத்தாளோ படவே கூடாது, போனால் போனதுதான்.

மிஷின் எங்கே பிறந்தது என்று அறிய, அதன் தூணடியில் பொறித்த எண்ணைப் பாருங்கள். முன்னால் எஃப் அல்லது ஒய் இருந்தால் ஸ்காட்லாந்தின் கிளைட்பேங்க் ஆலையில் பிறந்தது. அந்த ஆலை 1980-இல் மூடப்பட்டது.

பெரும்பணம் தருவதாக யாராவது வந்தால் நம்பாதீர்கள். 2009-இல் சவூதியில், சிங்கர் மிஷினுக்குள் ‘சிவப்புப் பாதரசம்’ என்ற விலைமதிப்பற்ற பொருள் இருப்பதாகக் கிளம்பிய புரளியால் விலை தாறுமாறாக ஏறியது. அதற்குள் அப்படி எதுவும் இல்லை. வார்ப்பிரும்பும் எஃகும்தான், மின்சாரம் போன நாளிலும் ரவிக்கை தைத்துத் தரும். வாரம் ஒருமுறையாவது ஓட்டுங்கள்.