ஒப்பம் வைக்கத் தெரியும், வாசிக்கத்தான் கஷ்டம்

மீளக்குடியமரும் குடும்பங்களின் கைகளுக்கு முதல் சில மாதங்களில் நிறையக் கடதாசிகள் வந்து சேரும். பதிவுப் படிவம், வீட்டுத்திட்ட ஒப்பந்தம், வங்கிப் படிவம், காணி தொடர்பான கடிதம், பிள்ளைகளின் பாடசாலை விடுகைப் பத்திரம். இவற்றை வாசிக்கத் தடுமாறும் பெரியவர்கள் பலர் அதை வெளியில் சொல்வதில்லை. "கண்ணாடியை வீட்டில விட்டிட்டு வந்திட்டன்" என்று சமாளிப்பார்கள். அல்லது உத்தியோகத்தர் விரலால் காட்டிய இடத்தில் ஒப்பத்தை வைத்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். ஒப்பம் வைப்பவருக்கு வாசிக்கவும் தெரியும் என்றுதான் மற்றவர்கள் நினைப்பார்கள். ஆனால் தமது பெயரை ஒரு படத்தைப் போலப் பார்த்துப் பழகி எழுதுபவர்களும் இருக்கிறார்கள். அப்படியொருவர் உங்கள் வீட்டில் இருந்தால் இந்தப் பாடத்தை அவருக்குச் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள்.

வாசிக்க முடியாமைக்குப் பல காரணங்கள் உண்டு. இடம்பெயர்வினால் பாடசாலைக்கே ஒழுங்காகப் போகாதவர்கள் இருக்கிறார்கள். சிலருக்குக் கண்பார்வை அல்லது செவிப்புலன் குறைவு. முன்பு நன்றாக வாசித்தவர் தலையில் காயப்பட்ட பிறகு வாசிக்க முடியாமல் போயிருந்தால் அது வேறு விடயம். அவர் கட்டாயம் வைத்தியரிடம் போக வேண்டும். நித்திரையில்லாமல், மனம் ஓரிடத்தில் நிற்காமல் இருப்பவர்களுக்கும் எழுத்து மனதில் ஏறாது. இவை எதிலும் சேராத இன்னொரு கூட்டம் உண்டு. பாடசாலைக்குப் போனார்கள், கண் நல்லது, காது நல்லது, கெட்டிக்காரர்கள். எழுத்து மட்டும் பிடிபடவில்லை. இதற்கு டிஸ்லெக்ஸியா என்று பெயர்.

எழுத்தையும் ஒலியையும் மூளை இணைக்கும் வேகத்தில் பிறப்பிலேயே உள்ள வித்தியாசம் இது. புத்திக்கும் இதற்கும் தொடர்பில்லை. குடும்பங்களில் தொடர்ந்து வரக்கூடியது, வயது போனாலும் முற்றாக மறைவதில்லை. குளிசையோ நிறக்கண்ணாடியோ இதை மாற்றாது. 1896ஆம் ஆண்டிலேயே பிரிங்கிள் மோர்கன் என்ற ஆங்கிலேய வைத்தியர் இப்படியான 14 வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றி எழுதியிருக்கிறார். கணக்கில் கெட்டிக்காரன், ஆனால் சின்னச் சொற்களைக்கூட வாசிக்க மாட்டான். படிப்பு முழுவதும் வாய்மொழியாக நடந்தால் பாடசாலையிலேயே முதல்வனாக வருவான் என்று அவனுடைய ஆசிரியர் கருதினாராம். அந்த ஆசிரியருக்கு விளங்கியது, "மொக்கு" என்று பிள்ளையை வாங்கில் ஏற்றிய எத்தனையோ பேருக்கு விளங்கவில்லை.

படிக்க வாய்ப்பில்லாமல் போனவரையும் டிஸ்லெக்ஸியா உள்ளவரையும் எப்படிப் பிரித்தறிவது? நமது பகுதிகளில் இது இலேசான கேள்வி அல்ல. ஐந்தாறு பாடசாலை மாறியவரிடம் "ஏன் வாசிக்க வராது?" என்று கேட்டால் "சண்டைதான் காரணம்" என்பார். அது உண்மையாகவும் இருக்கலாம். ஆகவே கூடப்பிறந்தவர்களைப் பற்றிக் கேட்க வேண்டும். அதே இடப்பெயர்வு, அதே மரநிழல் வகுப்பு, அதே ஆசிரியர். தம்பியும் தங்கையும் வாசிக்கிறார்கள், இவரால் மட்டும் முடியவில்லை என்றால் அது முக்கியமான தடயம். தகப்பனுக்கோ மாமாவுக்கோ இதே கஷ்டம் இருந்ததா? தொலைபேசி இலக்கத்தைக் கேட்டு எழுதும்போது இலக்கங்கள் இடம் மாறுகின்றனவா? கதை சொன்னால் ஊரே கேட்கும், ஆனால் இரண்டு வரிக் கடிதம் எழுத அரை நாள் போகிறதா? இவையெல்லாம் கேட்கத் தகுந்தவை.

ஆங்கிலத்துக்கென்று செய்த சோதனையை மொழிபெயர்த்துக் கொடுத்தால் போதாது. ஆங்கிலத்தில் எழுத்துக்கூட்டல் தாறுமாறானது, அங்கே பிழைகளை எண்ணலாம். தமிழில் எழுத்துக்கும் ஒலிக்கும் பெரும்பாலும் ஒழுங்கான தொடர்பு உண்டு. அதனால் டிஸ்லெக்ஸியா உள்ளவர் கடைசியில் சரியாக வாசித்துவிடுவார், ஆனால் மிக மெதுவாக, களைத்துப்போய். வேகத்தைக் கவனிக்காத சோதனை அவரைத் தவறவிட்டுவிடும். தமிழுக்கென்று சில இடறல்களும் உண்டு. 247 எழுத்துகள், கெ, கே என்பவற்றில் குறி முன்னால் நிற்க, ஒலி பின்னால் வரும், பேசும் தமிழ் வேறு, படிவத்தில் உள்ள தமிழ் வேறு. ல, ள, ழ பிழைகளை மட்டும் வைத்து முடிவுகட்டக் கூடாது, அது எல்லோரும் விடுகிற பிழை. "தெமுகலி" போலப் பொருளே இல்லாத ஒரு சொல்லை வாசிக்கச் சொல்வது நல்ல வழி. பழகிய சொற்களை உருவம் பார்த்துச் சொல்லிவிடுகிறவர் இதில் நின்றுவிடுவார். வீட்டில் இப்படிப் பார்ப்பது ஓர் அறிகுறிக்குத்தான். முதலில் வைத்தியசாலையில் கண்ணையும் காதையும் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

பெயர் வைக்கும் வரை படிவங்கள் காத்திருக்க மாட்டா. ஆகவே காரணம் எதுவானாலும், "எனக்கு வாசிக்கக் கஷ்டம், வாசித்து விளங்கப்படுத்துங்கோ" என்று கிராம அலுவலரிடமோ நிறுவன உத்தியோகத்தரிடமோ சொல்லுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை; வாசித்துக் காட்ட அவருக்கு ஐந்து நிமிடம்தான் செல்லும். பிறகு நீங்கள் விளங்கிக்கொண்டதை உங்கள் சொல்லிலேயே திருப்பிச் சொல்லுங்கள். எத்தனை தவணை, எந்தக் கட்டம் முடிந்தால் எவ்வளவு காசு, யார் பெயரில் காணி என்பவை அதில் வர வேண்டும். வெற்றுத்தாளில் ஒப்பமோ பெருவிரல் அடையாளமோ வைக்க வேண்டாம். பிரதி ஒன்று கேளுங்கள், வீட்டில் வேறொருவரைக் கொண்டு இன்னொரு தரம் வாசிப்பியுங்கள். அடையாள அட்டை இலக்கத்தை நினைவில் இருந்து சொல்லாமல் அட்டையைப் பார்த்தே எழுதச் செய்யுங்கள்; ஓர் இலக்கம் மாறினால் கொடுப்பனவு மாதக்கணக்கில் இழுபடும். காணி கைமாற்றும் உறுதி நொத்தாரிசு முன்னிலையிலும் இரண்டு சாட்சிகள் முன்னிலையிலும் ஒப்பமிடப்பட வேண்டும். அதை வாசித்து விளங்கப்படுத்தும்படி அங்கேயும் கேளுங்கள், அவசரப்படுத்தினால் எழுந்து வாருங்கள். மிதிவெடி எச்சரிக்கைப் பலகையின் எழுத்து பிடிபடாவிட்டால் சிவப்பு நிறத்தையும் மண்டையோட்டையும் அடையாளமாக வைத்துக்கொள்ளுங்கள்.

வாசிக்கப் பழக விரும்பும் பெரியவருக்கு முதலாம் ஆண்டுப் புத்தகத்தை நீட்டாதீர்கள். அவருக்குத் தேவையான சொற்களில் இருந்து தொடங்குங்கள்: தனது பெயர், ஊர், பிரிவு, விதை, பசளை, திகதி. ஏடு தொடக்கும்போது பிள்ளையின் விரலைப் பிடித்து அரிசியில் எழுதுவிப்போமே, அதே முறை பெரியவருக்கும் உதவும். மணலில் விரலால் எழுதிக்கொண்டே ஒலியைச் சொல்லும்போது கண், காது, கை மூன்றும் சேர்ந்து வேலை செய்கின்றன. ஒரு நாளைக்கு நான்கைந்து எழுத்து, 15 நிமிடம் போதும். வாசிக்கும் வரிக்குக் கீழே ஒரு மட்டையை வைத்தால் கண் தாவாது. கூட்டத்தில் சொல்லப்படுவதைக் கைத்தொலைபேசியில் பதிந்துகொள்ளலாம். வகுப்பாகப் படிக்க விரும்பினால் வலயக் கல்விப் பணிமனையின் முறைசாராக் கல்விப் பிரிவில் விசாரியுங்கள். வீட்டில் பிள்ளைக்கும் இதே தடுமாற்றம் தெரிந்தால் வகுப்பாசிரியரிடம் இப்போதே சொல்லுங்கள். பெரியவருக்கு ஆண்டுக்கணக்கில் எடுப்பது பிள்ளைக்கு விரைவில் வரும்.

தொழில் தெரிந்தும் எழுத்துச் சோதனைக்குப் பயந்து பயிற்சிக்கு விண்ணப்பிக்காத மேசன்மாரும் தச்சர்களும் இருக்கிறார்கள். ஏற்கெனவே உள்ள அனுபவத்தை மதிப்பிட்டு தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் வழங்கும் முறை ஒன்று உண்டு. அதில் கைவேலைக்குத்தான் முதலிடம். தொழிற்பயிற்சி அதிகாரசபை அலுவலகத்தில் இதைக் கேட்கும்போது, வாசிப்பதில் கஷ்டம் உள்ளது என்பதையும், கேள்விகளை வாய்மொழியாகக் கேட்க வேண்டும் என்பதையும் முதல் நாளிலேயே சொல்லி வையுங்கள்.