கணக்குக் கற்ற ஓவியன்

ஒரு தொழிலுக்கெனச் செய்த கருவி பிறிதொரு தொழிலுக்குப் பயன்படுதல் உலகில் புதுமையன்று. ஆயினும், விளையாட்டுக்கெனச் செய்த பொறியொன்று நோய்க்கிருமியின் இயல்பை ஆராயும் அறிஞர்க்குத் துணையாயிற்று என்றால், அது வியப்பன்றோ? அப்பொறியே வரைகலைச் செயலி.

கணிப்பொறித் திரையில் தோன்றும் படம் நுண்ணிய புள்ளிகளால் ஆயது. இன்று பெருவழக்கிலுள்ள திரையொன்றில் அகலத்தில் 1,920 புள்ளிகளும் உயரத்தில் 1,080 புள்ளிகளும் உள்ளன. ஆக 20,73,600 புள்ளிகள். விளையாட்டில் வரும் குதிரை உண்மையாகவே ஓடுவது போலத் தோன்ற வேண்டுமாயின், படத்தை நொடிக்கு அறுபது முறை புதிதாக வரைதல் வேண்டும். அஃதாவது, ஒரு நொடியில் பன்னிரண்டு கோடிக்கு மேற்பட்ட புள்ளிகளுக்கு நிறம் கணக்கிட வேண்டும். ஒவ்வொரு புள்ளிக்கும் உரிய கணக்கு எளியதே. ஒன்றன் கணக்கு மற்றொன்றன் விடைக்காகக் காத்திருப்பதும் இல்லை.

கணிப்பொறியின் மையச் செயலி பெரும்புலவர் ஒருவரைப் போன்றது. எத்தகைய சிக்கலையும் அவிழ்க்க வல்லது. ஆனால், ஒரு நேரத்தில் சில வேலைகளையே மேற்கொள்ளும். வரைகலைச் செயலியோ நாற்று நடும் மகளிர் கூட்டத்தை ஒக்கும். வரிசையாக நின்று, ஒரே செயலை, ஒரே வேளையில் பலர் செய்து முடிப்பர். 2006-ஆம் ஆண்டில் வெளிவந்த ஜிஃபோர்ஸ் 8800 ஜிடிஎக்ஸ் என்னும் செயலியில் இவ்வாறு கணக்கிடும் உறுப்புகள் 128 இருந்தன. இன்றோ பல்லாயிரம் உறுப்புகள் கொண்ட செயலிகளும் உள்ளன.

பெருங்கணிப்பொறி வாய்க்கப்பெறாத ஆய்வாளர் பலர், கடையில் எளிதிற் கிடைத்த இப்பொறியின் ஆற்றலைக் கண்டனர். ஆனால், அதற்குப் படம் வரைய மட்டுமே தெரியும்; கணக்கைப் போடு என்றால் அதற்கு விளங்காது. ஆகவே, அவர்கள் கணக்கையே படமாக வேடமிட்டு அனுப்பினர்! எண்களின் அட்டவணையை ஒரு படமாகவும், எண்களை அதன் செம்மை, பசுமை, நீலம் ஆகிய நிறங்களாகவும் மாற்றினர். திரையில் ஒரு செவ்வகம் வரைக எனப் பணித்தனர். செயலி ஒவ்வொரு புள்ளிக்கும் நிறம் தீட்டிற்று; அந்நிறத்தை மீண்டும் எண்ணாகப் படித்து விடை கண்டனர். தொடக்கத்தில் ஒவ்வொரு நிறத்திற்கும் 256 படிகளே இருந்தமையால், நுட்பமான பின்னங்கள் உருக்குலைந்தன. 2002-ஆம் ஆண்டையொட்டிப் பின்ன எண்களைத் தாங்கும் செயலிகள் வந்தன. அக்காலத்தில் வட கரோலினாப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராயிருந்த மார்க் ஹாரிஸ், மேகங்கள் உருவாகி அசையும் இயற்பியலை இவ்வழியிற் கணக்கிட்டார்.

இவ்வேடத்தைக் களைய முயன்றவருள் ஸ்டான்ஃபோர்டுப் பல்கலைக்கழகத்தின் இயன் பக் என்பவர் குறிப்பிடத்தக்கவர். அவரும் உடன் உழைத்தோரும் 2004-இல் புரூக் என்னும் நிரல்மொழியை வெளியிட்டனர். பின்னர் அவர் என்விடியா நிறுவனத்திற் சேர்ந்தார். அந்நிறுவனம் 2006-இல் கூடா என்னும் அமைப்பை அறிவித்தது. தமிழர் செவிக்கு இஃது ஒரு தடைச்சொல்லாக ஒலிப்பினும், அதுகாறும் கூடாதிருந்ததைக் கூடச் செய்தது அதுவே. அதன்பின் ஆய்வாளர் முக்கோணங்களையும் நிறங்களையும் பற்றிக் கவலையுறாமல், கணக்கைக் கணக்காகவே எழுதலாயினர்.

பிறிதொரு குறையும் இருந்தது. விளையாட்டில் ஒரு புள்ளியின் நிறம் பிழைபட்டால் எவரும் அறியார். அறிவியற் கணக்கில் ஓரெண் பிழைபட்டால் முடிபே பொய்யாகலாம். நினைவகத்தில் நேரும் பிழையைத் தானே கண்டு திருத்தும் வசதி, 2010-ஐ ஒட்டியே இச்செயலிகளில் இடம்பெற்றது.

இனி, ஒரு புரதத்தின் அசைவைக் கணக்கிடுவதைப் பார்ப்போம். பதினாயிரம் அணுக்கள் உள்ளன எனக் கொள்க. ஒவ்வோர் அணுவும் ஏனையவற்றை ஈர்க்கும், அல்லது தள்ளும். இணைகளை எண்ணினால் ஏறத்தாழ ஐந்து கோடி. தொலைவில் உள்ளனவற்றைச் சுருக்கு வழியால் கணக்கிடுவர். எனினும் வேலை பெரிதே. இவ்விசைகளை ஒரே வேளையில் பலருக்குப் பங்கிட்டுக் கொடுக்கலாம். ஆனால், காலத்தைப் பங்கிட இயலாது. சுவரில் கீழ்வரி முடிந்த பின்னரே மேல்வரி எழும். நொடியின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு நேர அசைவை அறியவே, ஐம்பது கோடி அடிகளை ஒன்றன்பின் ஒன்றாக எடுத்து வைத்தல் வேண்டும். பங்கிட இயலாத பகுதி வேலையில் பத்தில் ஒன்றாயின், எத்தனை ஆயிரம் பேர் கூடினும் வேகம் பத்து மடங்கைத் தாண்டாது என்பது 1967-இல் ஜீன் ஆம்டால் முன்வைத்த வாதத்திலிருந்து பெறப்படுவது. கருவியை மட்டும் நம்பி இறங்கினோர் பலர் இடறிய இடம் இதுவே.

ஸ்டான்ஃபோர்டில் 2000-இல் தொடங்கிய ஃபோல்டிங் அட் ஹோம் என்னும் திட்டத்தினர் இதற்கு ஒரு வழி கண்டனர். ஒரு நெடுஞ்சுவரை எழுப்பாமல், வெவ்வேறு தொடக்கநிலைகளிலிருந்து பல குறுஞ்சுவர்களை எழுப்பி, அவற்றைப் புள்ளியியலால் இணைத்தனர். அக்கணக்குகளை உலகெங்கும் உள்ள பொதுமக்களின் கணிப்பொறிகளுக்குப் பகிர்ந்தளித்தனர். 2006 முதல் அவற்றிலுள்ள வரைகலைச் செயலிகளும் இப்பணியிற் சேர்ந்தன. 2020-இல் கொரோனாப் பெருந்தொற்று பரவியபோது, அக்கிருமியின் மேற்புறத்தில் முள்போல் நிற்கும் புரதம் எவ்வாறு திறக்கிறது என்பதை இவ்வழியில் ஆராய்ந்தனர். அவ்வாண்டு அத்திட்டத்தின் வேகம், நொடிக்கு நூறு கோடியை நூறு கோடியாற் பெருக்கிய தொகையைக் கடந்தது. அவ்வுழைப்பிற் பெரும்பங்கு வரைகலைச் செயலிகளுடையது. விளையாட்டுக்கென வாங்கப்பட்டவையும் அவற்றுட் பல.