கால்சியம் ஊற்றியும் கருப்பன் ஏன் தள்ளாடுகிறான்?

கேள்வி: எங்கள் லேப்ரடார் குட்டி கருப்பனுக்கு இப்போது ஏழு மாதம். இரண்டு மாதக் குட்டியாக வாங்கியதிலிருந்து பாக்கெட் தீவனம், பால், தினம் ஒரு முட்டை, இரண்டு வேளையும் கால்சியம் சிரப் என்று எதிலும் குறை வைக்கவில்லை. ஒரு மாதமாக, ஓடும்போது பின்னங்கால் இரண்டையும் சேர்த்து முயல் மாதிரித் தாவுகிறான். படுத்தால் எழுந்திருக்கச் சிரமப்படுகிறான். எக்ஸ்ரே பார்த்த டாக்டர், ‘இது ஹிப் டிஸ்பிளேசியா, ஆயுசுக்கும் இருக்கும், பார்த்து வளர்க்க வேண்டியதுதான்’ என்றார். இவ்வளவு கால்சியம் கொடுத்தும் எலும்பு எப்படி வலுவிழந்தது? எதிர்வீட்டுக் கோம்பை நாய் மிச்சச் சோற்றைத் தின்றுவிட்டு மதில் தாண்டுகிறதே! மாடிப்படி ஏறி இறங்கப் பழக்கினால் கால் திடமாகும் என்கிறார் மாமியார். செய்யலாமா?
— ஒரு வாசகி, சின்னமனூர்

பதில்: எதிர்வீட்டுக் கோம்பையையும் கேள்விக்குள் இழுத்து வந்தது நல்லதாயிற்று அம்மா. பதிலில் பாதி அந்த மதில்மேல்தான் இருக்கிறது. அதற்கு முன் சிரப் பாட்டிலின் கணக்கை முடித்துவிடுவோம்.

குட்டி தள்ளாடினால் கால்சியம் என்பது நம் பக்கத்தில் கைவைத்தியம் போலவே ஆகிவிட்டது. இதை வெறும் மூடநம்பிக்கை என்று தள்ளிவிடவும் முடியாது. வெறும் சோறும் ரசமும், அல்லது வெறும் கறியும் தின்று வளரும் குட்டிக்கு உண்மையாகவே கால்சியம் பற்றாது. கால் வளையும், லேசாக இடறினாலும் எலும்பு முறியும். அப்படிப்பட்ட குட்டிகளைக் கால்சியம் கொடுத்து நிமிர்த்திய பழைய அனுபவம்தான், இன்று பாக்கெட் தீவனம் தின்னும் லேப்ரடாரின் வாயிலும் சிரப்பை ஊற்ற வைக்கிறது. கருப்பனுக்கு எலும்பு வலுவிழக்கவில்லை. தளர்ந்திருப்பது மூட்டு.

பெரிய இனக் குட்டிகளுக்கென்று வரும் தீவனத்தில் கால்சியத்தை அளந்தே சேர்த்திருப்பார்கள். வளர்ந்த நாயின் குடல், வேண்டியதை எடுத்துக்கொண்டு மீதியை வெளியே தள்ளிவிடும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குட்டியின் குடலுக்கு அந்த வாசற்காவல் இன்னும் கைவந்திருக்காது. கொடுக்கக் கொடுக்க உள்ளே விடும். அந்த மிகுதி, வளரும் எலும்பு முனைகளில் வேலையைக் கெடுக்கிறது. அங்கே குருத்தெலும்பு, அதாவது எலும்பாவதற்கு முந்தைய ரப்பர் போன்ற திசு, உரிய காலத்தில் எலும்பாக மாற வேண்டும். அது தடுமாறிவிடும். கருப்பனின் நோய்க்குச் சிரப்தான் காரணம் என்று சொல்ல மாட்டேன். உங்களைக் குற்ற உணர்ச்சியில் தள்ளவும் விருப்பமில்லை. ஆனால் அதனால் ஒரு பைசா நன்மையும் இல்லை. வேறு காரணத்துக்காக டாக்டர் எழுதிக்கொடுத்ததாக இல்லாவிட்டால் இன்றோடு நிறுத்திவிடுங்கள்.

இனி மூட்டு. பள்ளிக்கூடத்தில் படித்த பந்துக்கிண்ண மூட்டு நினைவிருக்கும். தொடை எலும்பின் தலை பந்து. இடுப்பெலும்பில் உள்ள குழி கிண்ணம். ஆட்டுக்கல் குழிக்குள் குழவி உட்கார்ந்து சுற்றுவதுபோலப் பந்து கிண்ணத்துக்குள் சுற்ற வேண்டும். இந்த நோய் உள்ள குட்டியும் பிறக்கும்போது ஒழுங்கான இடுப்போடுதான் பிறக்கிறது. கோளாறு வளர வளர வருகிறது. பந்தையும் கிண்ணத்தையும் பிடித்து வைக்கும் தசைநார்கள் சில குட்டிகளுக்குப் பரம்பரையாகவே தளர்வாக இருக்கும். உடம்பின் எடை ஏற ஏற, அந்தத் தளர்ந்த பிடியில் பந்து ஒவ்வொரு அடிக்கும் விளிம்பை நோக்கி நழுவும். இங்கேதான் சூட்சுமம் இருக்கிறது. கிண்ணம் ஆழமாக உருவாவதே பந்து உள்ளே அழுத்தி உட்கார்ந்திருப்பதால்தான். பந்து விளிம்பிலேயே உரசிக்கொண்டிருந்தால், கிண்ணமாக வேண்டியது தட்டாக நின்றுவிடும். தட்டில் பந்து நிற்குமா? வலி வரும், வலிக்குப் பயந்து இரண்டு காலையும் சேர்த்துத் தாவும். நீங்கள் பார்த்த முயல் ஓட்டம் இதுதான். டிஸ்பிளேசியா என்றால் ஒழுங்காக உருவாகாமை என்று பொருள், அவ்வளவுதான். மனிதக் குழந்தைகளுக்கும் இதற்கு ஒப்பான இடுப்புக் கோளாறு உண்டு. டாக்டர் கருப்பனின் தொடையை மடக்கி விரித்துப் பார்த்திருந்தால், ஓர்த்தலானி என்ற இத்தாலியக் குழந்தை மருத்துவர் 1930-களில் பச்சிளங்குழந்தைகளுக்காகச் சொன்ன சோதனையைத்தான் செய்திருப்பார்.

நாய்களில் இந்த நோயை 1935-இல் அமெரிக்காவில் முதன்முதலாகப் பதிவு செய்தார்கள். பல மரபணுக்கள் சேர்ந்து கொண்டுவரும் நோய் இது. நன்றாக ஓடியாடும் தாய் தகப்பனுக்கும் இப்படிக் குட்டி பிறக்கும். அதனால்தான் பல நாடுகளில் இனவிருத்திக்கு விடுமுன் பெற்றோரின் இடுப்பை எக்ஸ்ரே எடுத்துத் தரம் பிரிக்கிறார்கள். நம் ஊரில் குட்டி வாங்குபவர்கள் சான்றிதழ் கேட்கிறார்கள், கலர் கேட்கிறார்கள். தாயின் எக்ஸ்ரேயைக் கேட்பவரைக் காண்பது அபூர்வம். கருப்பனை இனவிருத்திக்கு விடாதீர்கள். கருத்தடையையும் அவசரப்பட்டு இப்போதே செய்ய வேண்டாம். மிக இளம் வயதில் செய்த லேப்ரடார்களுக்கு மூட்டுக் கோளாறு கூடுவதைக் கண்டிருக்கிறார்கள். ஒரு வயது தாண்டட்டும். பிறகு டாக்டரைக் கேட்டுச் செய்யலாம்.

மரபணு விதை என்றால், அதற்கு உரம் போடுவது எடை. எதிர்வீட்டுக் கோம்பை இப்போது வருகிறது. உத்தமபாளையம் பக்கத்துக் கோம்பை ஊர் தன் பெயரையே கொடுத்த இனம் அது; வேட்டைக்கென்று வளர்ந்த உடம்பு. லேப்ரடாரின் பரம்பரையும் அதன் பரம்பரையும் வேறு வேறு என்பது உண்மைதான். ஆனால் மிச்சச் சோறு தின்னும் அந்த நாயின் விலா எலும்பை எண்ணிவிடலாம், இல்லையா? கருப்பனின் விலாவை எண்ண முடிகிறதா?

அமெரிக்காவில் 48 லேப்ரடார் குட்டிகளைச் சோடி சோடியாகப் பிரித்து, சாகும்வரை கூடவே இருந்து பார்த்த ஆய்வு ஒன்று உண்டு. ஒரே ஈற்றில் பிறந்த இரண்டு குட்டிகள் ஒரு சோடி. ஒன்று தின்பதைவிட 25 சதவீதம் குறைவாக மற்றதற்குக் கொடுத்தார்கள். தீவனம் ஒன்றே, அளவு மட்டும்தான் வேறு. 2002-இல் முடிவு வெளிவந்தது. குறைவாகத் தின்றவற்றின் நடுத்தர ஆயுள் 13 வருடம், மற்றவற்றுக்கு 11.2 வருடம். இடுப்புக் கோளாறும் ஒல்லிக் குட்டிகளிடம் குறைவு. மூட்டுத் தேய்மானத்துக்கு வைத்தியம் தேவைப்பட்ட வயதும் ஏறக்குறைய மூன்று வருடம் தள்ளிப்போயிற்று. இத்தனை செலவில்லாத மருந்து எந்த மருந்துக்கடையிலும் கிடைக்காது. ஆனால் வாலாட்டிக்கொண்டு முகத்தையே பார்க்கும் குட்டிக்குக் கைப்பிடி குறைப்பது நம் வீடுகளில் லேசான காரியமா?

ஆகவே பாலை நிறுத்துங்கள். முட்டை வாரத்துக்கு இரண்டு போதும். கொடுக்கிற அன்று தீவனத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். தட்டில் எப்போதும் தீவனம் கிடக்க வேண்டாம். அளந்து இரண்டு வேளை. அளவு சரியா என்று பார்க்க உங்கள் கையே போதும். விரல்களை மடக்கி முட்டியைத் தடவிப் பாருங்கள். கருப்பனின் விலா அப்படி இருந்தால் மெலிந்துவிட்டான். உள்ளங்கை போல மெத்தென்று இருந்தால் கொழுத்துவிட்டான். நீட்டிய புறங்கையைத் தடவும்போது எலும்பு லேசாகத் தட்டுப்படுகிறதே, அதுதான் சரியான பதம்.

மாமியார் சொன்னதில் பாதி சரி. மூட்டுத் தளர்வை ஈடுகட்டக்கூடியது தொடைத் தசைதான். தசை வளர நடக்க வேண்டும். மாடிப்படி மட்டும் வேண்டாம். லேப்ரடார் உட்பட 4 பெரிய இனக் குட்டிகளை நார்வேயில் தொடர்ந்து கவனித்து 2012-இல் எழுதினார்கள். மூன்று மாத வயதுக்குள் தினம் மாடிப்படி ஏறி இறங்கிய குட்டிகளுக்கு இந்தக் கோளாறு கூடுதல். மெத்தென்ற, சற்றே மேடுபள்ளமான தரையில் கட்டவிழ்த்து விளையாடிய குட்டிகளுக்குக் குறைவு. பண்ணை வீடுகளில் பிறந்தவற்றுக்கும் குறைவு. சின்னமனூரில் இருந்துகொண்டு இதைப் படித்தால் உங்களுக்கே சிரிப்பு வரும். காசு கொடுத்தாலும் மற்ற ஊர்க்காரர்களுக்குக் கிடைக்காத தோட்டத்து மண் வாசலிலேயே கிடக்க, நாம் குட்டியைப் பளபளக்கும் டைல்ஸ் தரையில் வழுக்க விட்டு வளர்க்கிறோம்.

தோட்டத்து வரப்போரம், கயிற்றில் பிடித்து, பத்துப் பதினைந்து நிமிடம், காலை ஒருமுறை மாலை ஒருமுறை. மறுநாள் விறைப்பு இல்லையென்றால் மெல்லக் கூட்டலாம். பந்து எறிந்து துரத்த விடுவதும், ஸ்கூட்டர் பின்னால் ஓட விடுவதும் கூடாது. திடீரென்று திரும்பி நிற்கும் ஒவ்வொரு முறையும் பந்து விளிம்பில் இடிக்கும். நீச்சல் இவனுக்கு மிக நல்லது. தண்ணீர் எடையைத் தாங்கிக்கொள்ள, தசை மட்டும் வேலை செய்யும். சரிவாக இறங்கி ஏற வழியுள்ள தோட்டத்துத் தொட்டியில், வயிற்றடியில் துண்டு கொடுத்துத் தாங்கியபடி ஐந்து நிமிடம் போதும். முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் திறந்துவிட்ட நாட்களில் வாய்க்கால் பக்கம் கூட்டிப்போக வேண்டாம். அந்த இழுப்புக்கு நல்ல காலுள்ள நாயே தாங்காது.

வீட்டுக்குள் அவன் நடக்கும் தடம், சாப்பிடும் இடம், படுக்குமிடம் மூன்றிலும் வழுக்காத விரிப்புப் போடுங்கள். மாட்டுக்கொட்டகைக்கு விற்கும் ரப்பர் பாய் இதற்கு அருமையாக உதவும். துண்டு போட்டு விரித்தால் வருடக்கணக்கில் உழைக்கும். நகத்தையும் உள்ளங்கால் முடியையும் வெட்டி வையுங்கள். சாரல் காற்று வீசும் நாட்களிலும் மார்கழியிலும் வெறும் தரையில் படுக்க விடாமல் தடித்த சாக்கு மெத்தை கொடுங்கள். காலையில் எழுந்ததும் விறைப்பு கூடுதலாக இருந்தால் தொடையில் வெந்நீர் ஒத்தடம் கொடுக்கலாம்.

வலி மருந்து விஷயத்தில் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். உங்களுக்கு மூட்டு வலிக்கு எழுதிய மாத்திரையில் கால் துண்டு கூட அவனுக்கு வேண்டாம். ஐபூபுரூஃபென், டைக்ளோஃபெனாக் போன்றவை நாயின் வயிற்றில் புண்ணாக்கி, சிறுநீரகத்தையும் பழுதாக்கும். கால்நடைகளுக்கு டைக்ளோஃபெனாக் கொடுப்பதை 2006-இலேயே இந்தியாவில் தடை செய்துவிட்டார்கள். அது வேறு கதை; அந்த மருந்து ஏறிய மாடுகளின் சடலத்தைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகள் செத்து விழுந்ததால் வந்த தடை. நாய்களுக்கென்று கார்ப்ரோஃபென், மெலாக்சிகாம் இருக்கின்றன. அவற்றையும் எடைக்குத் தக்கபடி டாக்டர் எழுதினால்தான், வயிற்றில் சாப்பாடு இருக்கும்போதுதான் கொடுக்க வேண்டும்.

சிறுநீரகம் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. உங்கள் பள்ளத்தாக்கின் பெருமையான பன்னீர் திராட்சை 2023-இல் புவிசார் குறியீடு பெற்றது. மனிதர்களுக்கு அமுதம்தான். நாய்களுக்குத் திராட்சை, புதியதோ உலர்ந்ததோ, திடீர்ச் சிறுநீரகச் செயலிழப்பை உண்டாக்கும். எத்தனை பழம் தின்றால் ஆபத்து என்று வரம்பு கிடையாது. சில நாய்களுக்குக் கொஞ்சமே போதும். வலி மருந்து எடுக்கும் நாயென்றால் கேட்கவே வேண்டாம். அறுவடை நாட்களில் கருப்பன் பந்தலுக்கு அடியில் உதிர்ந்ததைப் பொறுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். தின்றுவிட்டால் வாந்தி வருகிறதா என்று காத்திருக்காமல் உடனே டாக்டரிடம் கொண்டுபோங்கள்.

அறுவை சிகிச்சை பற்றி நீங்கள் கேட்கவில்லை. யாராவது சொல்வார்கள் என்பதால் சொல்லிவைக்கிறேன். ஐந்து மாதத்துக்குள் செய்யக்கூடிய சிறு சிகிச்சைக்குக் கருப்பனின் வயது கடந்துவிட்டது. இடுப்பெலும்பை வெட்டிக் கிண்ணத்தைத் திருப்பி வைக்கும் சிகிச்சைக்கு இதுதான் வயது. ஆனால் மூட்டில் தேய்மானம் தொடங்கியிருக்கக் கூடாது. பந்தையே எடுத்துவிடுவதும், செயற்கை மூட்டு வைப்பதும் பிற்பாடும் செய்யலாம். எக்ஸ்ரேயை எடுத்துக்கொண்டு, 2020-இல் தொடங்கிய தேனி கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு ஒருமுறை போய்க் கேளுங்கள். தேவையென்றால் சென்னை வேப்பேரிக் கல்லூரிக்கு வழிகாட்டுவார்கள். பெரும்பாலான நாய்கள் கத்தி படாமலேயே காலம் தள்ளிவிடுகின்றன.

கடைசியாக ஒரு எச்சரிக்கை. ஒரு வயதுக்கு மேல், மூட்டைச் சுற்றிய திசு தடித்து இறுகும்போது வலி தானாகவே குறையக்கூடும். கருப்பன் குதித்து ஓடுவான். குணமாகிவிட்டது என்று வீடே மகிழ்ந்து முட்டைகளை மீண்டும் உடைக்கத் தொடங்கும். கிண்ணம் தட்டாகத்தான் இருக்கும். அப்போது ஏறும் எடைக்கு, ஆறேழு வயதில் தேய்மானம் கணக்குக் கேட்கும்.

திராட்சைப் பெட்டி நிறுக்கும் தராசு அக்கம்பக்கத்தில் எங்காவது இருக்கும். பதினைந்து நாளுக்கு ஒருமுறை கருப்பனை அதில் நிறுத்தி, காலண்டரில் குறித்து வையுங்கள். முட்டைக் கணக்கு வரை எழுதிய நீங்கள் அவன் எடையை எழுதவில்லை. அடுத்த கடிதத்தின் முதல் வரி அதுவாக இருக்கட்டும்.