உராய்வைத் தணிக்கும் கரி

வல்வில் ஓரி ஆண்ட கொல்லிமலை இன்று நாமக்கல் மாவட்டத்தைச் சேர்ந்தது. அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து மேலேறும் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. மிளகும் பலாவும் அன்னாசியும் ஏற்றிய லாரி அவ்வழியே இறங்குங்கால், வளைவுதோறும் அதன் பாரம் ஒருபுறம் சாயும்; பாரத்தைத் தாங்கும் கமான் பட்டைகள் ஒன்றோடொன்று உராய்ந்து தேயும். கமான் என்பது வில்லைக் குறிக்கும் பாரசீகச் சொல். வில்லாளன் மலையில் இன்றும் வில்லே சுமை தாங்குகிறது போலும்!

இப்பட்டைகளின் இடையே வெறும் எண்ணெய் நில்லாது. பாரம் அதனைப் பிதுக்கிவிடும், மழை கழுவிவிடும். ஆதலின் கிராபைட் கலந்த மசகை இடுவர். எண்ணெய் அகன்ற பின்னும் கரி பட்டையிற் படிந்து நிற்கும். முன்னாளில் மாட்டுவண்டி அச்சுக்கு, வைக்கோலைக் கரித்து விளக்கெண்ணெயிற் குழைத்த மையை இட்டனர். உமணர் தம் வண்டியிற் கட்டிச் சென்ற சேம அச்சைப் புறநானூறு கூறுகிறது. அச்சின் தேய்வும் முறிவும் பழந்தமிழர் அறிந்த துன்பங்களே.

வைக்கோற் கரிக்கு இல்லாத பண்பு ஒன்று கிராபைட்டுக்கு உண்டு. பென்சிலின் உள்ளே இருப்பது இதுவே; காரீயம் என வழங்கினும் ஈயம் இதிற் சிறிதும் இல்லை. இதன் அணுக்கள் அறுகோண வலைபோற் பின்னித் தகடுகளாய் அமைந்துள்ளன. தகட்டினுள் பிணைப்பு வலிது, தகடுகளுக்கிடையே மெலிது. எனவே சீட்டுக்கட்டுப் போல அவை வழுக்கும். எண்ணெய் கருகும் 400 பாகை வெப்பத்திலும் இது நிலைக்குமாதலால், பழுக்கக் காய்ச்சிய இரும்பை அடித்து உருவாக்கும் அச்சுகளில் நீரிற் கலந்து தெளிப்பர்.

சிவகங்கையிற் கிடைப்பது செதில் வகை. இலங்கையின் போகலையிற் கிடைப்பது நரம்பு வகை. மூன்றாவது, உருவற்ற கிராபைட். நிலக்கரிப் படுகையைப் பாறைக்குழம்பின் வெப்பம் தாக்குதலால் இது பிறக்கும். மெக்சிகோவின் சொனோராவில் மிகுதி. பெயர் பொருந்தாதது. இதன் படிகங்கள் மிக நுண்ணியனவேயன்றி இல்லாதன அல்ல. விலை மலிவு, ஆயினும் மணற்சத்து கலந்திருக்கும். அதனை நீக்காமல் பேரிங்கில் இட்டால் மசகே அரமாய்விடும்.

மற்றொரு வியப்பும் உண்டு. காற்றின் ஈரம் இன்றேல் கிராபைட் நன்கு வழுக்காது. இரண்டாம் உலகப் போரில் மிக உயரப் பறந்த விமானங்களின் மின்னாக்கிகளில், கரிப் பிரஷ்கள் விரைவிற் பொடியாய் உதிர்ந்தன. வானின் வறட்சியே காரணம் என்பது பின்னர்ப் புலனாயிற்று. ஈரத்தின் பங்கை 1948-இல் அமெரிக்க ஆய்வாளர் சாவேஜ் விளக்கினார். விண்கலங்களில் இதனை விடுத்து மாலிப்டினம் டைசல்பைடைக் கொள்வதும் இதனாலேயே.

மஞ்சு தவழும் கொல்லிமலையில் ஈரத்திற்குக் குறைவில்லை. அங்கு அஞ்சத்தக்கது வேறு. பட்டைக்கு இட்ட மசகு சிறிது பிரேக்கிற் பட்டாலும், வண்டியை நிறுத்த வேண்டிய உராய்வு அங்கே குன்றிவிடும். மசகிடுவோர் கைத்துணியை அருகிலேயே வைத்துக்கொள்ளல் வேண்டும்.