சுவரில் முளைத்த அரசு: நம்பிக்கைகளும் உண்மைகளும்

எட்டயபுரம் மாதிரிப் பழைய ஊர்களில் மதில் சுவர் வைத்திருப்பவர்களுக்குத் தெரிந்த தொல்லை இது. மழைக்காலம் முடிந்த கையோடு கைப்பிடிச் சுவரின் ஓரத்திலோ, தூம்பு வாய்க்குக் கீழேயோ இரண்டு இலை எட்டிப் பார்க்கும். அரசு அல்லது ஆல். கிள்ளிப் போட்டால் அடுத்த மழைக்கு மறுபடி வரும். இதை ஒழிப்பதற்கு ஊரில் ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். அவற்றில் பல, செடியைவிடச் சுவருக்கே அதிகக் கேடு செய்பவை.

“பறவை எச்சம்தான் காரணம், நாம் என்ன செய்ய முடியும்?” என்பது முதல் நம்பிக்கை. பாதி சரி. அரசம்பழத்தையும் ஆலம்பழத்தையும் மைனாவும் குயிலும் காகமும் வௌவாலும் தின்கின்றன. கடுகைவிடச் சிறிய விதைகள் எச்சத்தோடு எங்கும் விழுகின்றன. ஆனால் விழுந்த இடத்தில் எல்லாம் அவை முளைப்பதில்லை. வழுவழுப்பாகப் பூசிய காய்ந்த சுவரில் விழுந்தது வெயிலில் கருகிவிடும். வெடிப்பும் அதற்குள் ஈரமும் இருந்தால்தான் வேர் பிடிக்கும்.

அந்த வெடிப்பு எட்டயபுரத்தில் ஏன் இவ்வளவு எளிதாக விழுகிறது என்பதற்கு விடை காலடியில் இருக்கிறது. இது கரிசல் பூமி. ஐப்பசி, கார்த்திகை மழையில் கரிசல் மண் நீரை உறிஞ்சி உப்பும். சித்திரை வெயிலில் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும். ஆண்டுக்கு ஒருமுறை இப்படி ஏறி இறங்கும் மண்ணின் மேல் ஆழமில்லாத அஸ்திவாரம் போட்டுக் கட்டிய மதில் அசையாமல் என்ன செய்யும்? மூலைகளில் படிக்கட்டுபோல ஏறும் விரிசல்கள் இப்படி வந்தவைதான். அந்த விரிசலில் மழைநீர் தங்குகிறது, தூசு சேர்கிறது, பறவை வந்து உட்காருகிறது. விரிசலை அடைக்காமல் செடியை மட்டும் எத்தனை முறை பிடுங்கினாலும் வேலை முடியாது. இதைப் பல வீடுகளில் யாரும் எடுத்துச் சொல்வதில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

“வேர் பாறையையே பிளக்கும், நல்ல சுவரையும் உடைத்துவிடும்.” இளம் வேர் நூல்போல மெல்லியது. கெட்டியான சுவரைத் துளைக்கும் வலு அதற்குக் கிடையாது. இருக்கிற இடுக்கில் நுழைகிறது, சுண்ணாம்புக் காரையின் ஈரத்தைத் தேடிப் போகிறது. பிறகு ஆண்டுதோறும் பருத்து, நுழைந்த இடுக்கை அகலமாக்குகிறது. ஆகவே முதல் வருடத்தில் கவனித்தால் விரல்களே போதும். பத்து வருடம் விட்டால் சுவரின் ஒரு பகுதியையே பிரித்துக் கட்ட வேண்டியிருக்கும்.

இனி வைத்தியங்களுக்கு வருவோம். மிக மோசமானது ஆசிட். கழிவறை கழுவும் ஆசிட்டை வேரில் ஊற்றினால் இலை கருகுவது உண்மைதான். ஆனால் அது ஹைட்ரோகுளோரிக் அமிலம். சுண்ணாம்பைக் கண்டால் நுரைத்துக் கரைக்கும். பழைய காரைச் சுவரைப் பிடித்து வைத்திருப்பதே அந்தச் சுண்ணாம்புதான். கரைந்தபின் மிஞ்சுகிற கால்சியம் குளோரைடு காற்றின் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். அதாவது, அடுத்த விதைக்கு அகலமான வெடிப்பையும் நிரந்தர ஈரத்தையும் நாமே தயார் செய்து கொடுக்கிறோம். சிலர் ஆசிட்டோடு பிளீச்சிங் பவுடரையும் சேர்க்கிறார்கள். அதிலிருந்து கிளம்புவது குளோரின் வாயு, மூச்சுக்குழலைப் புண்ணாக்கும். தயவுசெய்து செய்யாதீர்கள்.

உப்பும் அப்படித்தான். தூத்துக்குடி உப்பு பக்கத்திலேயே மலிவாகக் கிடைக்கிறது என்று வேரடியில் கொட்டுகிறவர்கள் உண்டு. செங்கலுக்குள் இறங்கிய உப்பு காய்ந்து படிகமாகும்போது செங்கலின் மேல்தோலைப் பொடிப்பொடியாக உதிர்க்கும்.

பெருங்காய நம்பிக்கை எல்லா ஊரிலும் உண்டு: மரத்தில் துளை போட்டுப் பெருங்காயம் வைத்தால் பட்டுவிடுமாம். கடையில் வாங்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பகுதி மாவும் பிசினும். மரம் எப்போதாவது பட்டுப்போயிருந்தால், சுற்றிப் போட்ட துளைகளும் உரித்த பட்டையும்தான் காரணமாக இருக்கும்.

“அடியோடு வெட்டினால் தீர்ந்தது” என்று நம்புகிறவர்களுக்கு ஒரே ஒரு மழை போதும், உண்மை தெரிந்துவிடும். அரசும் ஆலும் வெட்டிய கட்டையிலிருந்து நாலைந்து கிளையாகத் துளிர்ப்பவை. அதற்கு நேர் எதிரான தவறும் நடக்கிறது: பெரிதாக வளர்ந்துவிட்ட மரத்தைக் கடப்பாரை போட்டு வேரோடு நெம்பி எடுப்பது. இதைச் செய்யவே கூடாது. அந்த நிலையில் வேர்தான் செங்கற்களைச் சேர்த்துப் பிடித்திருக்கும். இழுத்தால் சுவரும் கூடவே வரும். கிளைகளை மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கழித்து, கட்டையை அந்த இடத்திலேயே சாகவிட வேண்டும். புதிதாக அறுத்த கட்டையில் வடியும் பாலைத் துடைத்துவிட்டு, பட்டையை ஒட்டிய வளையத்தில் களைக்கொல்லியை உடனே தூரிகையால் பூசுவது ஒரு வழி. இலைமேல் தெளிக்கத் தேவையில்லை. கிளைபோசேட் மருந்தைப் பூச்சிக்கட்டுப்பாட்டுத் தொழிலர் மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்று மத்திய அரசு 2022 அக்டோபரில் ஆணை பிறப்பித்தது. அதனால் அந்த வேலையை அவர்களிடமே விடுங்கள். மருந்து வேண்டாம் என்பவர்கள் துளிரைத் தென்பட்ட உடனே கிள்ளிக்கொண்டே இருக்கலாம். இலை இல்லாத கட்டை சேமிப்பு தீர்ந்து சோரும். பொறுமை வேண்டும்.

இங்கிலாந்தில் வீடுகளை மூடி வளரும் ஐவிக் கொடியின் படத்தைக் காட்டி, “அங்கே செடி சுவரைக் காக்கிறதே” என்று கேட்பவர்கள் இப்போது கூடியிருக்கிறார்கள். இங்கிலிஷ் ஹெரிட்டேஜ் அமைப்புக்காக ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தின் ஹெதர் வைல்ஸ் குழு ஆராய்ந்து, நல்ல நிலையில் உள்ள சுவரை ஐவி வெயிலிலிருந்தும் பனியிலிருந்தும் காக்கிறது என்று சொன்னது உண்மை. ஆனால் ஐவியின் உணவு வேர் தரையில் இருக்கிறது. சுவரில் ஒட்டுபவை பற்றுவேர்கள் மட்டுமே. அங்கேயும் ஏற்கனவே ஓட்டை விழுந்த சுவரென்றால் வேர் உள்ளே போய்க் கெடுக்கும் என்றே அந்த ஆய்வும் சொல்கிறது. அரசுக்குச் சுவரேதான் நிலம். இரண்டையும் ஒப்பிடக் கூடாது.

“அரசைத் தொட்டால் பாவம்” என்ற நம்பிக்கையை நான் கேலி செய்ய மாட்டேன். அந்தப் பயம் பல நல்ல மரங்களை வாழவைத்திருக்கிறது. ஆனால் பயத்தால் கன்றை விட்டுவைத்தால், பிறகு சுவர் சாயும்போது மரமும்தான் விழும். மழை பெய்து சுவர் ஊறியிருக்கும் நாளில், இரண்டு மூன்று இலைப் பருவத்திலேயே மெல்ல இழுத்தால் வேர் அறாமல் வரும். பையில் வைத்துத் தேற்றி, ஊருணிக் கரையிலோ கட்டடங்களிலிருந்து தள்ளியோ நடலாம். பழக் காலத்தில் அதைத் தேடிப் பறவைகள் வரும்.

கடைசியாக, சுவரைச் சரிசெய்வது. “சிமெண்ட் பூசினால் உறுதி” என்று கொத்தனார் சொன்னாலும், பழைய காரைச் சுவருக்குச் சுண்ணாம்புக் கலவையே கேளுங்கள். சிமெண்ட் கெட்டியாகி, சுவருக்குள் இருக்கும் ஈரத்தை வெளியே விடாமல் அடைத்துவிடும். நாளாவட்டத்தில் பூச்சு தனியே உப்பி விலகி, இடையில் புதிய சந்து உண்டாகும். நம் கடற்கரையில் சிப்பி சுட்டு எடுத்த சுண்ணாம்பும் கடுக்காயும் கருப்பட்டியும் சேர்த்துக் கட்டியவர்கள் இருந்தார்கள். அந்தக் கைப்பக்குவம் தெரிந்தவர் கிடைத்தால் விடாதீர்கள். செத்த வேரை உள்ளேயே விட்டு, வெடிப்பில் நீர்த்த சுண்ணாம்புக் கலவையை ஊற்றி நிரப்பி, மேலே பூசச் சொல்லுங்கள். தூம்பு நீர் சுவரில் வழியாமல் தள்ளி விழும்படி குழாயை நீட்டுங்கள். மதிலின் தலைப்பைச் சரிவாக முடியுங்கள். ஐப்பசிக்கு முன் இந்த வேலை முடிந்திருந்தால், கார்த்திகையில் ஒருமுறை சுவரைச் சுற்றி வந்து பார்ப்பதோடு அந்த ஆண்டுக்குப் போதும்.