இலண்டனில் காந்தியடிகளின் உறைவிடம்

பவநகர்ச் சாமளதாஸ் கல்லூரியில் ஒரு பருவம் மட்டுமே பயின்ற காந்தியடிகள், அப்படிப்பை விடுத்து, இங்கிலாந்தில் சட்டம் பயிலும் பொருட்டு 1888-ஆம் ஆண்டு செப்டம்பர் 4-ஆம் நாள் பம்பாயிலிருந்து கப்பலேறினார். அப்பொழுது அவருக்கு வயது 18. இலண்டனில் அவர் முதலில் தங்கிய விக்டோரியா விடுதியில் அவர் உண்டதோ சிறிது. கொடுக்க நேர்ந்ததோ மூன்று பவுன்!

பின்னர், நண்பர்களின் யோசனைப்படி ஒரு கைம்பெண்ணின் இல்லத்தில் பணம் செலுத்தித் தங்கினார். அந்நாட்டு வழக்கங்களை அறிதற்கு அது தக்க இடமே. ஆயினும், வெளியே உண்ட நாள்களுக்கும் வாரக் கட்டணத்தில் தள்ளுபடி இல்லை. வீட்டாரை எப்பொழுதேனும் விருந்துக்கு அழைத்துச் செல்லுதல் மரியாதை. வண்டிக் கூலியும் அவர் தலையிலேயே விழுந்தது. நாள்தோறும் உறங்குமுன் கணக்கெழுதிய அவருக்கு, இச்சிறு செலவுகளின் பெருக்கம் நன்கு புலப்பட்டது. ஆதலின் தனியே இரண்டு அறைகளை வாடகைக்கு எடுத்தார். செல்லவேண்டிய இடத்தை அரைமணி நேரத்தில் நடந்தே அடையத்தக்கதாக அவ்விடத்தைத் தேர்ந்தமையே நாம் கருதத்தக்கது. வண்டிக் கூலி மிஞ்சியது. நாளொன்றுக்கு எட்டு முதல் பத்து மைல் நடையும் வாய்த்தது.

இதற்கிடையில் இலண்டன் மெட்ரிகுலேஷன் தேர்வில் இலத்தீன் பாடத்தில் தவறினார். பொருள் அனுப்ப ஊரிலே தமையனார் படும் பாடு அவர் நெஞ்சை உறுத்தியது. இரண்டு அறைகளை ஒன்றாக்கினார். அடுப்பு ஒன்று வாங்கினார். காலையில் ஓட்ஸ் கஞ்சியும் கொக்கோவும் ஆக்க இருபது நிமிடங்களே ஆயின. நாட்செலவு ஒரு ஷில்லிங் மூன்று பென்சாகக் குறைந்தது. மீண்டும் எழுதிய தேர்வில் 1890-இல் வெற்றி பெற்றார்.